மாம்ஸ்பரிக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள்: பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும்,

வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் சங்கங்களும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பேருந்து பிடித்துப் பிள்ளைகளை ஸ்டோன்ஹெஞ்ச், பாத், வின்ட்சர் என்று அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பயணங்களில் துணைக்கு வருபவர்களில் நானும் ஒருவன். கட்டுமானப் பொறியியல் என் தொழில் என்பதால், "இது எப்படி விழாமல் நிற்கிறது?" என்ற கேள்வி பெரும்பாலும் என்னிடம்தான் வந்துசேரும். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல ஏற்ற ஓர் இடம் வில்ட்ஷயரில் இருக்கிறது. நம் பயணப் பட்டியல்களில் அது இடம்பெறுவதே இல்லை. மாம்ஸ்பரி மடாலயத் தேவாலயத்தை அடுத்த பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும், போகிற வழியில் அரைமணி நேரம் இறங்கிப் படமெடுத்துவிட்டு ஏறும் நிறுத்தமாக அதை ஆக்காமல் ஒரு முழுப் பகலை அதற்கென்றே ஒதுக்குங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

பாதி இடிந்த ஒரு கோயிலுக்கு எதற்கு முழுப் பகல் என்று கேட்பீர்கள். அது பாதி இடிந்திருப்பதுதான் காரணம். சால்ஸ்பரி போல முழுமையாக நிற்கும் பேராலயம் பார்ப்பவரை மலைக்க வைக்கும். ஆனால் சுவருக்குள் என்ன இருக்கிறது, கூரையின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பவற்றை அது வெளியே காட்டாது. மாம்ஸ்பரியில் நடுக்கூடத்தின் ஆறு அங்கணங்கள் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) கூரையோடும் கண்ணாடி சன்னல்களோடும் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன; அதன் கிழக்கே குறுக்குக்கூடமும் பாடகர் பகுதியும் போய், ஒரு மாபெரும் வளைவும் சில சுவர்த் துண்டுகளும் மட்டும் வெட்டவெளியில் நிற்கின்றன; மேற்கே மூன்று அங்கணங்கள் சரிந்து, முகப்பின் ஒரு பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. முழுக்கட்டடத்தையும் அதன் வெட்டுத்தோற்றத்தையும் ஒரே புல்வெளியில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. பாடப்புத்தகத்தில் கோடுகளாகப் பார்த்த வரைபடத்தைக் கல்லில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இது.

பிள்ளைகளை முதலில் கிழக்குப் பக்கம் கூட்டிச் செல்லுங்கள். அங்கே சுவர் முறிந்த இடங்களில் கிட்டப் போய்ப் பார்த்தால், வெளியே தெரியும் செதுக்கிய சுண்ணாம்புக்கற்கள் ஒரு தோல் மட்டுமே என்பது விளங்கும். இருபுறமும் சீராக வெட்டிய கல்லை அடுக்கி, நடுவில் உடைகல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொட்டி நிரப்புவதே 12ஆம் நூற்றாண்டு நார்மன் கொத்தர்களின் முறை. தூண்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதாம். வெளியிலிருந்து பார்த்தால் அசைக்க முடியாத பாறை போலத் தோன்றும்; உள்ளே காரை சரியாக இறுகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் வலு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கோபுரத்தின் கதைக்கு வர வேண்டும்.

நடுக்கூடமும் குறுக்குக்கூடமும் வெட்டிக்கொள்ளும் சதுரத்தின் மேல், நான்கு தூண்கள் தாங்க, ஒரு கோபுரமும் அதன் உச்சியில் ஓர் ஊசிக்கோபுரமும் இருந்தன. அதன் உயரம் 431 அடி என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அது உண்மையானால் சால்ஸ்பரியின் 404 அடியைவிட உயரம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஒரு புயலில் அது சரிந்து, கோயிலின் கிழக்குப் பாதியை நாசமாக்கியது. 1540களின் தொடக்கத்தில் இவ்வூருக்கு வந்த பழமை ஆய்வாளர் ஜான் லேலண்ட், மிக உயர்ந்த ஊசிக்கோபுரம் ஒன்று மக்கள் நினைவில் இருக்கும் காலத்திலேயே விழுந்தது என்றும், அது மீண்டும் எழுப்பப்படவில்லை என்றும் குறித்துவைத்தார்.

இதைச் சொல்லும்போது, மாம்ஸ்பரிக்கு மட்டும் நேர்ந்த தலைவிதியாகச் சொல்லிவிட வேண்டாம். நடுக்கோபுரம் விழுவது இந்த நாட்டுக் கட்டடக்கலையில் திரும்பத் திரும்ப நடந்தது. வின்செஸ்டரில் 1107இல் விழுந்தது; ஈலியில் 1322இல்; லிங்கன் பேராலயத்தின் ஊசிக்கோபுரம் 1548இல்; சிச்செஸ்டரில் 1861இல்கூட. நான்கு தூண்களின் மேல் ஒரு கோபுரத்தை ஏற்றும்போது, சுவர் நெடுகப் பரவ வேண்டிய பாரம் நான்கு புள்ளிகளில் குவிகிறது. ஒரு தூணின் அடியில் மண் சற்றே அமிழ்ந்தாலும், அல்லது உள்நிரப்பு நொறுங்கி வெளித்தோலில் பாரம் ஏறினாலும், மற்ற மூன்றும் பங்கிட்டுக்கொள்ள முடியாத நிலை வந்துவிடுகிறது. முன்னோர் கட்டிய அடிப்பகுதியின் மேல் பின்வந்தவர்கள் அவர்கள் எண்ணிப் பார்த்திராத உயரத்தை ஏற்றுவதும் அடிக்கடி நடந்தது. மாம்ஸ்பரியில் வெட்டவெளியில் நிற்கும் அந்த வடபுற வளைவு, இப்படியொரு கோபுரத்தைத் தாங்கிய நான்கில் ஒன்று. பிள்ளைகளை அதனடியில் நிற்கவைத்து, மற்ற மூன்றையும் கற்பனையில் எழுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் பெரிதாகத் தேவைப்படாது.

மேற்கிலும் ஒரு கோபுரம் இருந்தது. அது 1550ஆம் ஆண்டளவில் விழுந்து மூன்று அங்கணங்களையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

இனி உள்ளே. நடுக்கூடத் தூண்கள் உருண்டு திரண்டவை. நார்மன் பாணியில் பருமனானவை. ஆனால் அவற்றின் மேலுள்ள வளைவுகளை உற்றுப் பாருங்கள்: உச்சி இலேசாகக் கூர்ந்திருக்கும். இங்கிலாந்தில் கூர்வளைவு எட்டிப்பார்த்த தொடக்க காலக் கட்டடங்களில் இதுவும் ஒன்று. அதற்கு மேலே உள்ள மாடத்தில் மீண்டும் பழைய அரைவட்ட வளைவு. ஒவ்வொரு பெரிய அரைவட்டத்துக்குள்ளும் நான்கு சிறு வளைவுகள். அதற்கும் மேலே போனால் 14ஆம் நூற்றாண்டு தொடங்கிவிடுகிறது: உயர்ந்த சன்னல்கள், கிளைத்துப் பின்னிய விலாக்களோடு கூடிய கல் கூரை, வெளியே அந்தக் கூரையின் உந்துதலைத் தடுத்து வாங்கிக்கொள்ளும் உதைவளைவுகள். ஆக, கீழிருந்து மேலே ஒரே சுவரில் கண்ணை ஓட்டினால் இருநூறு ஆண்டுக் கட்டடச் சிந்தனை வரிசையாக வருகிறது.

அரைவட்ட வளைவுக்கு அகலம் எவ்வளவோ அதில் பாதிதான் உயரம். அகலத்தை மாற்றினால் உயரமும் மாறிவிடும். கூர்வளைவில் அந்தக் கட்டு இல்லை. பக்கவாட்டில் தள்ளும் விசையும் அதில் குறைவு. மாம்ஸ்பரிக் கொத்தர்கள் அந்த நன்மையை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. தூண்கள் பழைய பருமனிலேயே இருக்கின்றன. புதியதை எடுத்துக்கொண்டும் பழையதை விட மனமில்லாமலும் கட்டியிருக்கிறார்கள். முதிர்ந்து நிறைவடைந்த பாணியை எங்கும் பார்த்துவிடலாம்; ஒரு பாணி பிறக்கும் தருணத்தை இப்படிக் கிட்டத்தில் பார்ப்பது அரிது. எனக்கு இந்த நடுக்கூடம் சால்ஸ்பரியைவிட நெருக்கமாக இருப்பது அதனால்தான்.

தென்புற மாடத்திலிருந்து ஒரு கல் பெட்டி நடுக்கூடத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகளே முதலில் கண்டுபிடிப்பார்கள். காவல் மாடம் என்பார்கள். கீழே வரும் யாத்திரிகர்கள்மீது ஒரு கண் வைத்திருக்கவா, மடாதிபதி மேலிருந்தே வழிபாட்டைப் பின்தொடரவா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. விடையை நாமே சொல்லிவிடாமல், அவர்களுக்குள் வாதிட விடலாம்.

தென்வாயில் முகமண்டபத்தைக் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். இந்தக் கோயிலில் வேறெதுவும் எஞ்சாமல் இது மட்டும் எஞ்சியிருந்தாலும் இவ்வூருக்கு வருவது தகும். 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த இந்த மண்டபத்தின் வெளிவாயிலில் எட்டு வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்றாக, உள்நோக்கி ஒடுங்கிச் செல்கின்றன. அவற்றுக்குத் தூணென்றும் தூண்தலையென்றும் பிரிவு இல்லை; தரையிலிருந்து புறப்படும் செதுக்குவேலை இடையில் எங்கும் அறுபடாமல் உச்சிக்கு ஏறி மறுபக்கம் இறங்குகிறது. சில வளைவுகளில் கொடிப்பின்னல். சிலவற்றில் நீள்வட்டச் சட்டங்களுக்குள் விவிலியக் காட்சிகள்: படைப்பு, நோவாவின் பேழை, கிறிஸ்துவின் வாழ்வு. எட்டு நூற்றாண்டு மழையும் உறைபனியும் இவற்றைத் தின்றிருக்கின்றன. ஆடையின் மடிப்பு தெரியும், முகம் தெரியாது. நீட்டிய கை தெரியும், அது எதை நோக்கி நீள்கிறது என்பது தெரியாது. 14ஆம் நூற்றாண்டில் மண்டபத்தைச் சுற்றி ஒரு கனத்த சுவரை எழுப்பிப் போர்த்தினார்கள்.

உள்ளே காலெடுத்து வைத்ததும் நிலைமை மாறுகிறது. மழை படாத பக்கச்சுவர்கள் இரண்டிலும் அரைவட்ட வடிவில், சுவருக்கு அறுவராக, திருத்தூதர்கள் பன்னிருவரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு வானதூதர் கிடையாக, நீச்சலடிப்பவர் போல உடலை நீட்டிப் பறக்கிறார். திருத்தூதர்களின் உடல் நீண்டது, தலை பெரியது, கழுத்தை ஒடித்து ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள். ஆடை உடம்போடு ஒட்டி, தொடையிலும் முழங்காலிலும் மெல்லிய வரிகளாகச் சுழல்கிறது. பிரான்சின் பர்கண்டிப் பகுதிச் சிற்பங்களோடு இவற்றை ஒப்பிடுவார்கள். உள்வாயிலின் மேலே கிறிஸ்து மாட்சியோடு வீற்றிருக்க, இரு வானதூதர்கள் அவரைச் சூழ்ந்த நீள்வட்டத்தைத் தாங்குகிறார்கள். சாவியை வைத்துப் பேதுருவை அடையாளம் காணலாம். தோமையார் எவர் என்று நம் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்; உருவத்தை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

தோமையார் பெயரை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இம்மடத்தின் துறவியாகவும் நூலகராகவும் இருந்த வில்லியம், 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தலைசிறந்த வரலாற்றாசிரியர். மன்னர்களின் வரலாற்றையும் ஆயர்களின் வரலாற்றையும் 1125ஆம் ஆண்டளவில் இலத்தீனில் எழுதி முடித்தார். ஆயர்களின் வரலாறு அவர் கைப்பட எழுதிய ஏட்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மாடலின் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அவருக்கு முன்பே, ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு 883ஆம் ஆண்டின் கீழ் ஒரு செய்தியைச் சொல்கிறது: ஆல்ஃபிரட் மன்னர் நேர்ந்துகொண்ட காணிக்கையைச் சிகெல்ம், ஏத்தல்ஸ்டன் என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமையாருக்கும் புனித பர்த்தலமேயுவுக்கும் எடுத்துச் சென்றனர். வில்லியம் அந்தச் சிகெல்மை ஷெர்போர்ன் நகர ஆயராக ஆக்கி, அவர் இந்தியாவரை சென்று திரும்பியதை வியந்து, அங்கிருந்து கொண்டுவந்த அரிய மணிக்கற்களுள் சில ஷெர்போர்ன் கோயிலில் இன்னும் காணக்கிடைக்கின்றன என்றும் எழுதினார். தோமையாரின் கல்லறை மயிலாப்பூரில் இருப்பதாக நம் மண்ணில் நெடுங்காலமாக நம்பப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் மாபாரில் (தமிழகக் கிழக்குக் கரைப் பகுதியில்) ஒரு சிற்றூரில் அந்தக் கல்லறை இருப்பதாகக் குறிப்பிடுகிறார்.

இங்கே உங்களிடம் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். "ஆல்ஃபிரட் மன்னர் மயிலாப்பூருக்குத் தூதனுப்பினார்" என்று இதை வாட்ஸ்அப் செய்தியாக்கிப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். ஆண்டுக்குறிப்பு எந்த ஊரின் பெயரையும் சொல்லவில்லை. அதன் படிகளில் சிலவற்றில் இந்தியாவின் இடத்தில் யூதேயா என்று படிக்கும்படி இருக்கிறது. ஷெர்போர்னில் அப்பெயர் கொண்ட ஆயர் வாழ்ந்ததோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. இரு வேறு மனிதர்களை வில்லியம் ஒருவராக்கியிருக்கலாம். ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இந்த மடத்தில் உட்கார்ந்து எழுதிய ஒருவருக்கு, தோமையார் உறங்கும் தொலைதூர நாட்டுக்கு இங்கிலாந்திலிருந்து ஒருவர் போய்த் திரும்பியிருக்க முடியும் என்பது நம்பத்தக்கதாகவும் பதிவுசெய்யத்தக்கதாகவும் இருந்தது. அந்த அளவோடு சொன்னாலே பிள்ளைகளுக்கு அது பெரிய செய்திதான்; மேலே சேர்க்க ஒன்றும் தேவையில்லை.

வில்லியம் பேணிய நூலகம் என்ன ஆயிற்று என்பதையும் அங்கே நின்று சொல்லுங்கள். எட்டாம் ஹென்றி துறவிமடங்களைக் கலைத்தபோது, 1539 டிசம்பரில் மாம்ஸ்பரியும் மன்னர் கைக்குப் போனது. வில்லியம் ஸ்டம்ப் என்ற பெரும் துணி வணிகர் 1,500 பவுண்டுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து அதை வாங்கினார். மடத்தின் கட்டடங்களை அவர் தறிகளால் நிரப்பியதை லேலண்ட் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஸ்டம்பைக் கோயிலை அழித்தவர் வரிசையில் சேர்ப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஊரின் பழைய பங்குக் கோயில் சிதைந்து கிடந்த நிலையில், மடாலயத்தின் நடுக்கூடத்தை ஊராருக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். 1541 ஆகஸ்டில் பேராயர் கிரான்மர் அதைப் பங்குக் கோயிலாக்க உரிமம் தந்தார். அந்த ஒரு செயல் நடந்திராவிட்டால், கூரை ஈயத்தை உரித்து விற்று, கல்லை வண்டி வண்டியாக ஏற்றிச் சென்ற எத்தனையோ மடங்களின் கதிதான் இதற்கும் வந்திருக்கும். நாம் இன்று உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கும் கூரை, ஒரு துணி வணிகரின் பணத்தாலும் ஊராரின் தேவையாலும் தப்பியது.

நூல்களுக்கு அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்தில் பள்ளி சென்ற பழமை ஆய்வாளர் ஜான் ஆப்ரி, தம் பாட்டனார் காலத்தில் கையெழுத்துச் சுவடிகள் பட்டாம்பூச்சிகளாகப் பறந்துகொண்டிருந்தன என்று எழுதுகிறார். கணக்குப் புத்தகங்களுக்கு மேலட்டையாகவும், மாம்ஸ்பரிக் கையுறைக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டவும் அந்தத் தோல் ஏடுகள் போயின. ஸ்டம்பின் கொள்ளுப்பேரன் ஒருவர், சிறப்பாகக் காய்ச்சிய மதுப் பீப்பாயின் வாயை அடைக்க ஒரு சுவடித் தாளை வைத்து மேலே களிமண் பூசுவாராம். அதைப்போல நன்றாக அடைப்பது வேறில்லை என்பாராம். கோபுரம் விழுந்ததைவிட இது எனக்குக் கொடிதாகப் படுகிறது. கல்லை அளந்து, எஞ்சியதை வைத்துப் போனதை வரைந்துவிட முடியும். எந்த நூல் போயிற்று என்றே தெரியாதபோது அதை எதைக்கொண்டு மீட்பது?

வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் இரு கதைகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எய்ல்மர் என்ற துறவி கையிலும் காலிலும் இறக்கை கட்டிக் கோபுரத்திலிருந்து பாய்ந்து, ஒரு பர்லாங்குக்கு (சுமார் 200 மீட்டர்) மேல் காற்றில் சென்று, விழுந்து கால்களை ஒடித்துக்கொண்டார். வால் வைக்க மறந்ததே தவறு என்று பின்னர் சொன்னாராம். வில்லியம்தான் இதையும் எழுதிவைத்தவர். எய்ல்மர் பாய்ந்த கோபுரம் இப்போதுள்ள கோயிலுக்கு முந்தையது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றொன்று, 1703இல் ஒரு மிருகக்காட்சியிலிருந்து வந்த புலியால் கொல்லப்பட்ட ஹன்னா ட்வினாய் என்ற விடுதிப் பணிப்பெண்ணின் கல்லறை. முற்றத்தில் பாட்டோடு நிற்கிறது. ஏத்தல்ஸ்டன் மன்னர் (காணிக்கை எடுத்துச் சென்றவர் வேறொருவர்) 939இல் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார். வடபுறம் இருக்கும் அவருடைய கல்லறைச் சிலை 15ஆம் நூற்றாண்டினது, உள்ளே எலும்பு இல்லை.

இது இன்றும் வழிபாடு நடக்கும் கோயில் என்பதை மறக்க வேண்டாம். பிப்ரவரியில் நடுக்கூடத்தில் மரச்சரிவுகள் அமைத்து இளைஞர்களைச் சறுக்குப்பலகை விளையாட அழைக்கும் சபை இது. பிள்ளைகளின் சத்தத்துக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் ஞாயிறைத் தவிர்த்து, முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுச் செல்வதே மரியாதை. இங்கிலாந்தின் பங்குக் கோயில்களுக்கு அரசின் நிலையான பராமரிப்பு மானியம் கிடையாது. 12ஆம் நூற்றாண்டுக் கல்லையும் 14ஆம் நூற்றாண்டுக் கூரையையும் காக்கும் சுமை ஒரு சிற்றூர்ச் சபையின் தோளில் இருக்கிறது. ஆகவே பயணக் கட்டணத்தோடு தலைக்கு ஒரு தொகையைச் சேர்த்து வாங்கி, சங்கத்தின் பெயரால் உண்டியலில் இடுங்கள். சிற்பங்களைத் தொட விடாதீர்கள். தூண்களைத் தாராளமாகத் தொடட்டும்.

எம்4 நெடுஞ்சாலையின் 17ஆம் சந்திப்பிலிருந்து வடக்கே சில மைல் போனால் ஊர் வந்துவிடும். ஏவன் ஆற்றின் இரு கிளைகளுக்கு இடையிலுள்ள குன்றின் மேல் கோயில் தெரியும். ரயில் நிலையம் இல்லாததால் பேருந்துதான் வசதி. முகமண்டபம் தெற்கு நோக்கியது. நடுப்பகல் வெயில் நேராக விழுந்தால் தேய்ந்த உருவங்கள் தட்டையாகத் தெரியும். காலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் வெளிவளைவின் காட்சிகளைப் பிரித்தறிய முடியும். லண்டனிலிருந்து சுமார் நூறு மைல் என்பதால் காலை ஏழு மணிக்குள் பேருந்து புறப்பட்டாக வேண்டும். எந்தச் சங்கம் நாள் குறித்தாலும் உடன் வந்து விளக்க ஆயத்தமாக இருக்கிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் முப்பது பேருக்கு மிகாமல் இருந்தால், ஒவ்வொருவரையும் அந்த வளைவின் அடியில் நிறுத்திப் பேச நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
மேற்கு இங்கிலாந்தில் வாழும் ஒரு தமிழ்க் கட்டுமானப் பொறியாளர்